அப்பிள் மதுவும் அடைத்த கதவும்

கடந்த ஐப்பசியில் லண்டன் புறநகர் ஒன்றில் வாழும் மச்சான் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். வீட்டின் பின்வளவில் ஒரேயொரு அப்பிள் மரம். அதை மச்சான் நட்டதில்லை. வீட்டை வாங்கியபோதே நின்றதாம். பழங்கள் புளிப்பும் துவர்ப்புமாக இருந்தன. பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு எறிந்துவிடுவார்களாம். ஆண்டுதோறும் நிலத்தில் விழுந்து அழுகும் பழங்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவற்றைக் கொண்டு சைடர் என்னும் அப்பிள் மது தயாரிக்கப் பழகியிருந்தார் அவர்.

குசினியின் மூலையில் நான்கரை லீற்றர் கொள்ளும் கண்ணாடிச் சாடிகள் மூன்று நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் வளைந்த சிறு குழாய். குழாயில் நிற்கும் நீரினூடாக விநாடிக்கு ஒரு குமிழி வெளியேறிக்கொண்டிருந்தது. இரவில் வீடு அடங்கியபின் அந்தக் குமிழிகளின் சத்தம் மேல்மாடி வரை கேட்கும்.

"இதுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டாமே?" என்று கேட்டேன்.

"வீட்டிலை குடிக்கிறதுக்கு எவ்வளவு செய்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டினம். வித்தால்தான் பிரச்சினை" என்று சிரித்தார் மச்சான்.

சிறுவயதில் எங்கள் ஊரில் அனுமதியின்றி இறக்கப்பட்ட கள்ளு முட்டிகளை அதிகாரிகள் வேலியோரம் போட்டு உடைத்ததைப் பார்த்தவன் நான். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எங்கள் நாட்டில் இயற்றியவர்கள் பிரித்தானியர்களே. அதே பிரித்தானியர்கள் தமது நாட்டில் வீட்டுச் சாடியை ஏன் விட்டுவைத்தார்கள் என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஊர் திரும்பியபின்னரும் அதையே தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் மதுவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அப்பிளை நசுக்கிப் பிழிந்தால் வருவது இனிப்பான சாறு. பழத்தின் தோலிலும் பிழியும் கருவியிலும் இயல்பாகவே தங்கியிருக்கும் மதுவம், அதாவது ஈஸ்ட், அந்த இனிப்பை உண்டு அற்ககோலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இனிப்பு எஞ்சியிருக்கும்போதே இந்த நொதிப்பை நிறுத்தினால் இனிப்புச் சைடர் கிடைக்கும். நிறுத்தாமல் கடைசிவரை விட்டால் இனிப்பு முழுவதும் தீர்ந்து, நாக்கை இழுக்கும் துவர்ப்பும் புளிப்பும் மட்டும் நிற்கும். அதைத்தான் அவர்கள் 'ட்ரை' என்கிறார்கள். மச்சான் நீரமானி ஒன்றை வைத்திருந்தார். புதிய சாற்றில் 1.050 காட்டும் அந்தக் கருவி, நொதித்து முடிந்தபின் நீரின் அளவான 1.000க்கும் கீழே இறங்கிவிடும். அந்த வேளையில் மதுவின் வலு நூற்றுக்கு ஆறு, ஏழு வீதம் இருக்கும். நான் மதுப்பிரியன் அல்லன். ஆயினும் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த பழச்சுவை அதில் இல்லை. நன்கு புளித்த பனங்கள்ளின் ஞாபகமே வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளான டெவொன், சமர்செட், ஹெரபர்ட்ஷயர், குளொஸ்டர்ஷயர் ஆகியவற்றில் இது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. வட்டமான கற்தொட்டியில் ஒரு கற்சில்லைக் குதிரை சுற்றிவரும். நமது செக்கை நினைத்துக்கொள்ளலாம். நசுங்கிய பழச்சக்கையை வைக்கோலில் பொதிந்து அடுக்கடுக்காக ஏற்றி, மேலிருந்து திருகி அழுத்திப் பிழிவார்கள். சாறு மரப்பீப்பாய்களில் ஊற்றப்பட்டுத் தானாகவே நொதிக்கும். பண்ணைக் கூலியாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியே சைடராகத்தான் கொடுக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றே அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. ஆகவே சைடர் அங்கே கேளிக்கைப் பொருள் அல்ல. அது சாப்பாட்டின் பகுதி, கூலியின் பகுதி.

இந்தப் பீப்பாய்களின் மீதுதான் 1763இல் அரசாங்கத்தின் கண் விழுந்தது.

பிரான்சோடு ஏழு ஆண்டுகள் நடந்த போர் அவ்வாண்டு மாசியில் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிவுற்றது. பிரித்தானியா வென்றது. கனடா கிடைத்தது, இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் பலம் ஒடுங்கியது. ஆனால் வெற்றியின் மறுபுறத்தில் தேசியக் கடன் 12 கோடிப் பவுணைத் தாண்டி நின்றது. பிரதமர் பியூட் பிரபு ஸ்கொட்லாந்துக்காரர், இளம் அரசர் மூன்றாம் ஜோர்ஜின் ஆசிரியராக இருந்து பதவிக்கு வந்தவர், மக்களிடம் செல்வாக்கற்றவர். அவருடைய நிதியமைச்சர் சேர் பிரான்சிஸ் டாஷ்வுட், நிதியறிவைவிடக் கேளிக்கைக் கழகங்களுக்காகவே பேர்போனவர்.

டாஷ்வுட் முதலில் முன்வைத்தது, அறுபது கலனுக்கும் மேற்பட்ட கொள்ளளவுடைய பெரும் பீப்பாய் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் என்ற வரி. அதை முதலில் வாங்குபவர் செலுத்தவேண்டும். எதிர்ப்பு எழுந்ததும் அரசாங்கம் விட்டுக்கொடுப்பதுபோல் தொகையை நான்கு ஷில்லிங்காகக் குறைத்தது. ஆனால் கூடவே இன்னொரு மாற்றத்தையும் செய்தது. வரியைச் செலுத்தவேண்டியவர் இனி வாங்குபவர் அல்லர், தயாரிப்பவர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சலுகை. பத்து நான்காகிவிட்டதே. ஆனால் மேற்கு மாவட்டங்களின் குடியானவர்கள் கணக்கை வேறுவிதமாகப் போட்டார்கள். வாங்குபவர்தான் வரி செலுத்துவார் என்றால், விற்காத சைடருக்கு வரியே இல்லை. தயாரிப்பவர் செலுத்தவேண்டும் என்றால், தன் மரத்துப் பழத்தைத் தன் வீட்டில் பிழிந்து தன் பிள்ளைகளோடு குடிப்பவனும் வரியாளன் ஆகிவிடுகிறான். அவன் எத்தனை பீப்பாய் வைத்திருக்கிறான் என்பதை அறியவேண்டுமானால் மதுவரி உத்தியோகத்தர் அவனது வீட்டு வாசலைத் தாண்டவேண்டும். குடும்பத் தேவைக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்தித் தொல்லையைத் தவிர்க்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஆயினும் குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு குடிப்பார்கள் என்பதை அரசுக்கு அறிவிக்க நேர்வதே இழிவு என்று அவர்கள் கருதினார்கள்.

'எக்சைஸ்' என்ற சொல்லே அந்நாட்டில் கசப்பான சொல்லாக இருந்தது. 1733இல் வல்லமை மிக்க பிரதமரான றொபேட் வால்போல், மதுவரி முறையைப் புகையிலைக்கும் வைனுக்கும் விரிக்க முயன்று மக்கள் எதிர்ப்பினால் பின்வாங்கியிருந்தார். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் அந்தச் சொல்லுக்கு 'வெறுப்புக்குரிய வரி' என்ற கருத்துப்பட விளக்கம் எழுதியிருந்தார். சுங்கவரி துறைமுகத்தோடு நின்றுவிடும். மதுவரி மட்டுமே வீட்டுக்குள் வரும் வரி என்பதுதான் அந்த வெறுப்பின் வேர்.

சட்டம் நிறைவேறியதும் மேற்கு மாவட்டங்கள் துக்கம் காத்தன. தேவாலய மணிகள் அடக்கிய ஓசையில் ஒலித்தன. வெற்றுப் பீப்பாய்களைச் சவப்பெட்டிபோற் சுமந்து ஊர்வலம் சென்றார்கள். பியூட் பிரபுவின் பெயரோடு ஓசையில் ஒத்த நீண்ட சப்பாத்து ஒன்றைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். பியூட் 1763 சித்திரையில் பதவி துறந்தார். வரிதான் ஒரே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் வரி மூட்டிய வெறுப்பும் அதிற் பங்கு கொண்டது.

பாராளுமன்ற விவாதத்தில் ஒரு சுவையான சம்பவம் நடந்தது. ஜோர்ஜ் கிரென்வில் வரியை ஆதரித்துப் பேசுகையில், "வேறு எங்கே வரி போடுவது? எங்கே என்று சொல்லுங்கள்" என்ற பாங்கில் திரும்பத் திரும்பக் கேட்டார். எதிர்த்தரப்பில் இருந்த வில்லியம் பிட், மேய்ப்பன் ஒருவனிடம் வழி கேட்பதாக அமைந்த பிரபலமான பாட்டின் மெட்டை அதே தொனியில் முணுமுணுத்தார். சபை சிரித்தது. 'சாதுவான மேய்ப்பன்' என்ற பட்டப்பெயர் கிரென்விலை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. பிட் திருமணம் செய்தது கிரென்விலின் சகோதரியை. மச்சானை மச்சான் கேலி செய்ததை வரலாறு பதிந்துவைத்திருக்கிறது.

அந்தச் சைடர் விவாதத்திலேயே பிட் இன்னொன்றையும் பேசியதாகச் சொல்வார்கள். ஏழையின் குடிசை உறுதியற்றதாக இருக்கலாம், கூரை ஆடலாம், காற்றும் மழையும் தாராளமாக உள்ளே வரலாம், ஆனால் இங்கிலாந்தின் அரசன் வரமுடியாது, அவனது படை முழுவதும் சேர்ந்தாலும் அந்தச் சிதைந்த வாசலைத் தாண்டத் துணியாது என்பது அந்தப் பேச்சின் சாரம். வீடு ஒருவனது கோட்டை என்ற கருத்து புதிதல்ல. 1604இல் வந்த செமெயின் வழக்கிலேயே அது பேசப்பட்டது. ஆனால் அந்த வழக்கிலே கோட்டை என்றால் கோட்டைதான். பிட்டின் பேச்சில் அது ஒழுகும் குடிசையாயிற்று. 1958இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பொலிசார் தமது நோக்கத்தை அறிவிக்காமல் ஒருவரின் கதவை உடைத்து நுழைந்த மில்லர் வழக்கில், இந்தப் பேச்சை எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு வருத்தம் உண்டு. இத்தனை புகழ்பெற்ற இந்தப் பேச்சை மறுநாட் பத்திரிகை எதுவும் வெளியிடவில்லை. வெளியிட்டிருக்கவும் முடியாது. பாராளுமன்றப் பேச்சுகளை அச்சிடுவது அன்று குற்றம். 1771இல் அச்சகத்தார் சிலரும் லண்டன் மாநகர ஆட்சியாளரும் சேர்ந்து பாராளுமன்றத்தோடு மோதி, லண்டன் மேயர் கோபுரச் சிறைக்குப் போன பின்னரே அந்தத் தடை நடைமுறையில் தளர்ந்தது. இன்று நாம் மேற்கோள் காட்டும் வடிவம், புரூம் பிரபு 1839இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவியது. பேசியவர் இறந்தே அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆகவே சொற்கள் பிட்டினுடையவையா, எழுபத்தைந்து ஆண்டுக்கால நினைவினுடையவையா என்று எவரும் சத்தியம் செய்யமுடியாது.

சைடரோடு பத்திரிகையின் உறவு அத்தோடு முடியவில்லை. 1763 சித்திரை 23ஆம் திகதி ஜோன் வில்க்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தமது 'நோர்த் பிரிட்டன்' ஏட்டின் 45ஆவது இதழில் அரசரின் உரையைக் கடுமையாக விமர்சித்தார். சமாதானத்தையும் சாடினார்; சைடர் வரியையும், அது தனியார் வீடுகளைச் சோதனைக்குத் திறந்துவிடுவதையும் சாடினார். அரசாங்கம் பெயர் குறிக்காத பொதுப் பிடியாணை ஒன்றைப் பிறப்பித்தது. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் என எவரையும் பிடிக்கலாம். அதன்பேரில் 49 பேர் கைதானார்கள். வில்க்ஸின் வீடு கிளறப்பட்டு அவரது கடதாசிகள் அள்ளிச் செல்லப்பட்டன. அவர் வழக்காடி 1,000 பவுண் நட்டஈடு பெற்றார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1762 கார்த்திகையில், ஜோன் என்ரிக் என்ற எழுத்தாளரின் வீட்டிலும் அரசின் தூதர்கள் நான்கு மணிநேரம் தங்கி, பெட்டிகளை உடைத்து, கடதாசிகளைக் கொண்டு சென்றிருந்தார்கள். 1765இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த நீதியரசர் கம்டன் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார். இதற்கு அதிகாரம் தரும் சட்டம் எங்கே? சட்ட நூல்களில் தேடினேன், இல்லை. இல்லாவிட்டால் அந்த அதிகாரமும் இல்லை என்பது அவர் முடிவு. அரசுக்கு அவசியம் இருந்தது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. என்ரிக்குக்கு 300 பவுண் கிடைத்தது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த நான்காவது திருத்தம், காரணமற்ற சோதனைகளிலிருந்து வீட்டையும் கடதாசிகளையும் காப்பதாகச் சொல்வதற்குப் பின்னால் இந்த வழக்குகள் நிற்கின்றன.

ஒரே காலத்தில் ஒருபுறம் விவசாயியின் பீப்பாய். மறுபுறம் எழுத்தாளனின் பெட்டி. கேள்வி ஒன்றுதான்: கதவை யார் திறக்கலாம்? 1766 வசந்தத்தில் புதிய அரசாங்கம் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீதான முத்திரை வரியையும், வீட்டில் சைடர் தயாரிப்பவர் மீதான வரியையும் அடுத்தடுத்து நீக்கியது. சைடர் வரி விற்பனையாளர்களோடு நின்றுகொண்டது. பிற்காலத்திலும் சைடருக்கு வரி வந்தது, போனது, 1976இல் மீண்டும் வந்தது. ஆனால் சொந்தத் தேவைக்குச் செய்பவரின் வீடு தப்பியே இருக்கிறது. மச்சானின் சிரிப்புக்குப் பின்னால் உள்ள சரித்திரம் இதுதான்.

சமர்செட்டில் கறி ரிவல் என்ற கிராமத்தருகே 140 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. சேர் வில்லியம் பின்சென்ட் என்ற நிலக்கிழார், தாம் ஒருநாளும் சந்தித்திராத பிட்டுக்குத் தமது சொத்தை எழுதிவைத்து 1765இல் இறந்தார். சைடர் வரியை எதிர்த்ததற்கான நன்றி அது என்பது அவ்வூர் வழக்கு. பிட் அதற்குப் பதில் நன்றியாக அந்தத் தூணை எழுப்பினார். இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் முடியவில்லை.

டெவொன் மக்களைப் பல தலைமுறைகளாக ஒரு நோய் வாட்டிவந்தது. தாங்கமுடியாத வயிற்று வலி, மலச்சிக்கல், நாட்பட நாட்பட மணிக்கட்டு செயலிழந்து கை தொங்கிப்போதல். 'டெவொன் வயிற்றுவலி' என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். 1724இல் அப்பிள் அமோகமாக விளைந்த ஆண்டில் அது கொள்ளைநோய்போலப் பரவியது. சைடரின் புளிப்பே காரணம் என்று நம்பப்பட்டது. ஜோர்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். ஹெரபர்ட்ஷயரிலும் அதே அளவு சைடர் குடிக்கிறார்கள். அங்கே ஏன் இந்த நோய் இல்லை? டெவொனில் கற்தொட்டியின் பொருத்துகளை உருக்கிய ஈயத்தால் அடைப்பதும், பிழியும் தளங்களுக்கு ஈயத் தகடு போடுவதும் வழக்கம். ஹெரபர்ட்ஷயரில் அவ்வாறில்லை. சாற்றின் புளிப்பு ஈயத்தைக் கரைத்து மதுவில் சேர்க்கிறது. கந்தகச் சேர்வை கலந்து சோதித்தபோது டெவொன் சைடர் கறுத்துப்போயிற்று. ஹெரபர்ட்ஷயர் சைடர் அவ்வாறு ஆகவில்லை. 1767இல், வரி நீங்கிய மறு ஆண்டில், பேக்கர் தமது முடிவை வெளியிட்டார்.

பேக்கர் வேற்றூரார் அல்லர். டெவொனில் பிறந்தவர். ஆனால் டெவொன் அவரைத் தன் பிள்ளையாக நடத்தவில்லை. ஊரின் வணிகத்தைக் கெடுக்கவந்தவர் என்று வசைபாடியது. அவருக்கு எதிராக எழுந்தவர்களுள் ஒருவர் பிளிமத் பகுதியில் குருவாக இருந்த தோமஸ் அல்கொக். 1769இல் அவர் எழுதிய நூல், நோய்க்குக் காரணம் ஈயமே அல்ல என்று வாதிட்டது. இதே அல்கொக்தான் 1763இல் சைடர் வரிச் சட்டத்தை எதிர்த்தும் நூல் எழுதியவர்.

இந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். அவரை நான் அறிவேன் என்று தோன்றியது. எங்கள் மத்தியிலும் அல்கொக்குகள் பலர். வெளியிலிருந்து வரும் அதிகாரத்தை எதிர்ப்பதில் அவர்கள் முழுக்க முழுக்கச் சரியானவர்கள். அந்தச் சரி தந்த துணிவிலேயே, உள்ளே நம்மைக் கொல்வது இன்னது என்று சொல்லவந்த சொந்த ஊரானையும் எதிரியின் ஆள் என்று விரட்டினார்கள். மதுவரி உத்தியோகத்தரும் மருத்துவரும் தட்டும் கதவு ஒன்றாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்வது தவறு. எங்கள் போராட்ட காலத்தில் பேக்கரின் இடத்தில் நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே விரிக்கவேண்டியதில்லை. வாசகர்கள் அறிவர். அந்நாட்களில் நானும் எழுதவேண்டிய சிலவற்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

டெவொனில் காலப்போக்கில் ஈயம் தொட்டிகளிலிருந்து அகற்றப்பட்டது. நோயும் அருகி மறைந்தது. பேக்கருக்காக வரி உத்தியோகத்தர் எவரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவேண்டியிருக்கவில்லை. மக்கள் தாமாகவே திருத்திக்கொண்டார்கள்.

எங்கள் நாட்டில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) என்ற பெயரோடு வந்தது. நீதிமன்றத்தின் ஆணையின்றியே வீடு புகுந்து சோதிக்கவும் பொருட்களைக் கைப்பற்றவும் அது அதிகாரம் கொடுத்தது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பெயரிலிருந்த 'தற்காலிக' என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் வீட்டின் அந்தரங்கத்தைக் காக்கும் தனி வாசகம் ஒன்றும் இல்லை. கம்டன் கேட்ட 'சட்டம் எங்கே?' என்ற கேள்வியை எங்களால் கேட்கவும் முடியாது. சட்டம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பத்திரிகையிற் சேர்ந்த புதிது. ஒருநாள் இரவு இரண்டு மணியளவில் கதவு தட்டப்பட்டது. சீருடை அணிந்த ஆறு பேர். முறைகேடாக எதுவும் பேசவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். மேசையில் இருந்த இரண்டு குறிப்பேடுகளை எடுத்து, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிலர் எனக்குச் சொன்ன விடயங்கள் அவற்றில் இருந்தன. "பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கொண்டுபோனார்கள்.

மச்சான் வீட்டில் கடைசி இரவு, குமிழிகள் அநேகமாக ஓய்ந்திருந்தன. இனிப்பு தீர்ந்துவிட்டது என்றார் அவர். வாசற்கதவை ஒரேயொரு பூட்டால் பூட்டிவிட்டு உறங்கச் சென்றார். நான் என் அறைக்குப் போய், அந்தக் குறிப்பேடுகளில் என்னென்ன எழுதியிருந்தேன் என்று நினைவுகூர முயன்றேன். சில பெயர்கள் வந்தன, பல வரவில்லை. குறிப்பேடுகள் இரண்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.